இல்லாத கம்ப்யூட்டரின் இரண்டாவது டிஸ்க்

அத்தியாயம் ஒன்பது

இதற்கு முந்தைய எட்டு அத்தியாயங்களில் அங்கங்கே ஒரு கைப்பிடி சேர்த்துச் சொல்லியிருக்கலாம், மறுப்பதற்கில்லை. ஆனால் இந்த ஒன்பதாவது அத்தியாயத்தில் வருகிற ஒவ்வொரு சொல்லும், புள்ளி கமா உட்பட, சத்தியம். தலையில் அடித்துச் சத்தியம் செய்வதுதான் முறை. இந்த வயதில் தலை தாங்காது என்பதால் மேஜையில் அடித்துச் சொல்லப்படுகிறது.

பிற்பகல் இரண்டு நாற்பதுக்கு, துப்பறியும் கொக்கியும் அவருடைய உதவியாளரும் சத்தக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள்.

கொக்கி என்பது பட்டப்பெயர். ஆள் ஆறடி. கழுத்துக்கு மேலே மட்டும் எதையோ தேடுகிற மாதிரி முன்னால் வளைந்திருக்கும். தூரத்தில் பார்த்தால் ஒரு கேள்விக்குறி நடந்து வருவது போலத் தெரியும். உதவியாளர் அவருடைய கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அதில்தான் சிக்கல். மற்ற துப்பறிவாளர்கள் உதவியாளரைப் பார்த்து, "அந்தப் பையை எடு" என்று சொல்லலாம். அண்ணியைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஆகவே பை கொக்கியின் கையிலும், பேச்சு அண்ணியின் வாயிலும் இருந்தது.

"தம்பி, மணியை அடிக்காதீங்க" என்றார் அண்ணி. "சத்தக்காரர் வீடு. அதையும் பிடிச்சு டப்பாவுல போட்டுடப் போறார்."

அப்படிப் போடக்கூடியவர்தான் சத்தக்காரர். நாடகத்துக்கும் படத்துக்கும் வேண்டிய சத்தங்களை உண்டாக்கிச் சேர்த்துவைப்பது அவர் தொழில். இடி, ரயில், காய்ந்த இலையில் நடக்கிற கால், பொய் சொல்கிறவன் எச்சில் விழுங்குவது என்று எது கேட்டாலும் எடுத்துக் கொடுப்பார். ஒரு தடவை அவர் பதிவு செய்த மழையை ஜன்னலைத் திறந்துவைத்துப் போட்டுப் பார்த்தார். தெருவே ஓடிவந்து கொடியில் கிடந்த துணியை எடுத்தது. எதிர்வீட்டுக்காரர் மட்டும் ஓட முடியாமல் தொப்பலாக நனைந்துவிட்டார்.

கதவைத் திறந்தது, ஃபோனில் அவர்களை அழைத்த சத்தக்காரரின் மகள். கூடத்தில் மூன்று சூட்கேஸ்கள் வரிசையாக நின்றன.

"எங்கேயாவது கிளம்பிட்டீங்களா?" என்றார் கொக்கி.

"அப்பா இவரை வீட்டை விட்டுப் போகச் சொல்லிட்டார். பெரிய சூட்கேஸ் இவரோடது. இவர் போனா நானும் போவேன், அதனால சின்னது என்னோடது."

"மூணாவது?"

"அது அப்பாவோடது. நாங்க போயிட்டா தனியா என்ன பண்ணுவார்? அதான் அவர் துணியையும் எடுத்து வெச்சுட்டேன்."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "நான் எதுக்கு வரணும்? துரத்தறதே நான்தான்!"

குரலுக்குப் பின்னால் சத்தக்காரர் வந்தார். குட்டை உருவம், பெரிய காதுகள். அவருக்குப் பின்னால், இரண்டு கைகளையும் அக்குளுக்குள் இடுக்கிக்கொண்டு, ஒன்பது வருடமாக வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை வந்தார். கையை ஏன் அப்படி வைத்திருக்கிறார் என்று அண்ணி கேட்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்.

"எதையும் தொடக் கூடாதுன்னு மாமா சொல்லிட்டார்."

"மாப்பிள்ளை தொட்ட வரைக்கும் போதும்" என்றார் சத்தக்காரர். துரத்துகிற கோபத்திலும் மரியாதை குறையவில்லை. "பதினோராயிரத்து முன்னூத்தி நாப்பத்திரண்டு சத்தம். இருபத்தாறு வருஷ உழைப்பு. காலையில பத்து மணி வரைக்கும் இருந்துச்சு. பத்தே காலுக்கு இல்லை. நாலு மணிக்கு நாடகக்காரங்க வண்டி வருது. அறுபத்தொரு சத்தம் கேட்டிருக்காங்க. நாலு மணிக்குள்ள கிடைச்சா சரி. இல்லேன்னா இவர் வலது காலை வெளிய வெக்கட்டும்."

மாப்பிள்ளை தன் வலது காலைப் பார்த்துக்கொண்டார்.

வேலை நடக்கும் அறைக்குப் போனார்கள். ஏழு கதவுகள் சுவரே இல்லாமல் வெறும் சட்டத்தோடு வரிசையாக நின்றன. அலமாரி முழுக்கப் பழைய காலணிகள், சைக்கிள் சங்கிலிகள், ஒரு ஊனமுற்ற குடை. தரையின் நடுவில் சாக்கட்டியால் போட்ட வட்டம், அதில் ஒரு மரமேடை; அதற்கு நேர் மேலே ஒரு மைக் தொங்கியது. சுவரில் கொட்டை எழுத்தில் ஒரு பலகை: *எல்லாச் சத்தமும் ஒரே இடத்தில்.*

"சட்டமா?" என்றார் அண்ணி.

"இந்த வீட்டோட வேதம்" என்றார் சத்தக்காரர். "மைக்கை நகர்த்தக் கூடாது. எதுல சத்தம் வரணுமோ அதைக் கொண்டுவந்து வட்டத்துல வெக்கணும். கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான். 'சத்தங்கள்'னு ஒரே ஒரு ஃபோல்டர். ரெண்டாவது ஃபோல்டர்ங்கற பேச்சே கூடாது. ரெண்டு இடத்துல வெச்சவன் ரெண்டு இடத்துலயும் தேடுவான்."

"உங்க அண்ணன் ஒரே இடத்துல வெச்சுட்டு ஊரெல்லாம் தேடுவார்" என்று அண்ணி கொக்கியின் காதில் சொன்னார்.

அறைக் கதவின் அருகே குனிந்த கொக்கி, தரையிலிருந்து ஒரு திருகாணியை எடுத்தார். "இது எதுலேர்ந்து விழுந்தது?"

"இந்த ரூம் கதவுலேர்ந்துதான்" என்றாள் மகள். "காலையில அப்பா இவரைத் திட்டிட்டு வெளிய வந்து கதவைச் சாத்தினார். கீல் கழண்டுடுச்சு."

கொக்கி திருகாணியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எதையாவது எடுத்துப் பையில் போட்டால்தான் அவருக்கு மூளை நகரும்.

"மாப்பிள்ளை சார், காலையில என்ன பண்ணீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

மாப்பிள்ளை மேஜைக்கு அடியில் முனகிக்கொண்டிருந்த ஒரு கறுப்புப் பெட்டியைத் தாடையால் காட்டினார். கைதான் அக்குளில் இருக்கிறதே. "நிஜமான கம்ப்யூட்டர் இது ஒண்ணுதான். ஆனா இதுக்குள்ள மூணு கம்ப்யூட்டர் இருக்கற மாதிரி இது நடிக்கும். அதுக்கு விர்ச்சுவல் மெஷின்னு பேர். ஒண்ணு சத்தத்துக்கு. ஒண்ணு கடிதத்துக்கு. ஒண்ணு நான் எதையாவது கெடுத்துப் பார்க்க."

"மூணும் இல்லவே இல்லாத கம்ப்யூட்டர்" என்றார் அண்ணி.

"இல்லைதான். ஆனா வேலை செய்யும்."

"எங்க வீட்ல நேர் எதிர். உங்க அண்ணன் இருக்கார்" என்று கொக்கியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, "மேல சொல்லுங்க மாப்பிள்ளைத் தம்பி" என்றார்.

"சத்தத்துக்கான மெஷின்ல டிஸ்க் நிறைஞ்சு போச்சு. தொண்ணூத்தேழு சதவீதம். இன்னும் நாலு இடி சேர்த்தா வெடிச்சிடும். அதனால அந்த மெஷினை நிறுத்தி, ரெண்டாவதா ஒரு டிஸ்க் சேர்த்து, திரும்ப ஓட விட்டேன். புது டிஸ்க்கைச் சுத்தம் பண்ணித் தயார் பண்ணேன். புதுசை மட்டும்தான்! பழசை நான் தொடவே இல்லை. ஃபோல்டரோட மாட்டினேன். அப்புறம் மாமா வந்து ஃபோல்டரைத் திறந்தார். காலி."

"காலின்னா சுத்தமா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு. பத்து இருபதுக்குப் பதிவானது. இந்த மைக் எப்பவும் முழிச்சிருக்கும். பெரிய சத்தம் கேட்டா தானே பதிவு பண்ணி, மணியைப் பேரா வெச்சு, ஃபோல்டர்ல போட்டுடும். மாமா அப்ப கத்திட்டிருந்தார், அதுவா இருக்கும். போட்டுக் கேக்க எனக்குத் தைரியம் வரல."

"பார்த்தீங்களா?" என்றார் சத்தக்காரர். "என் சொத்தையெல்லாம் துடைச்சுட்டு, நான் திட்டினதை மட்டும் பத்திரமா வெச்சிருக்கார். எதிர்வீட்டுக்காரனும் இதுக்கு உடந்தை. அவனும் சத்தம் சேர்க்க ஆரம்பிச்சிருக்கான். சரியா பத்து மணிக்கு வந்து ஏணி கேட்டான்!"

ஏணி என்ற சொல்லைக் கேட்டதும் கொக்கியின் வளைவு நிமிர்ந்தது. யாரும் தடுப்பதற்குள் தெருவைக் கடந்து போய்விட்டார். சரியாக நாலாவது நிமிடம் தோளில் ஏணியோடு திரும்பி வந்தார்.

"பரணைச் சுத்தம் பண்ண வாங்கினாராம். நன்றி சொல்லச் சொன்னார்."

"கம்ப்யூட்டர்?" என்றார் சத்தக்காரர்.

"அவர்கிட்ட கம்ப்யூட்டர் இல்லை."

"இல்லாதது எத்தனை வெச்சிருக்கார்னு கேட்டீங்களா?" என்றார் அண்ணி.

மணி மூன்று ஐந்து. ஏணியைச் சாத்திவைத்துவிட்டுக் கொக்கி கண்ணை மூடிக்கொண்டார். அவர் கண்ணை மூடினால் ஒன்று யோசனை, இல்லாவிட்டால் தூக்கம். குறட்டை வராததால் யோசனை என்று எல்லோரும் காத்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை சார், இப்ப பழைய டிஸ்க் எவ்வளவு நிறைஞ்சிருக்குன்னு பார்க்க முடியுமா?"

மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். மாமனார் ஒரு விரலைக் காட்டினார். ஒரு விரலுக்கு மட்டும் அனுமதி. மாப்பிள்ளை அக்குளிலிருந்து ஒற்றை ஆள்காட்டி விரலை எடுத்து, நாலு தட்டு தட்டினார். திரையில் இரண்டு பட்டைகள் வந்தன. ஒன்று நீளமாக, சிவப்பாக. இன்னொன்றில் ஓர் ஓரத்தில் மட்டும் ஒரு பொட்டுப் பச்சை.

"புதுசு கிட்டத்தட்ட காலி. பழசு தொண்ணூத்தேழு."

"காலையில எவ்வளவு?"

"தொண்ணூத்தேழு."

"அதான் சிவப்பா ஆபத்துன்னு காட்டுதே" என்றார் சத்தக்காரர். "களவு போனா ஆபத்துதானே?"

அண்ணி ஒரு அடி முன்னால் வந்தார். "இருங்கய்யா. அலமாரியில துணியே இல்லைங்கறீங்க. ஆனா அலமாரிக் கதவை மூட முடியலேங்கறீங்க. எனக்குப் புரியல."

கொக்கி கண்ணைத் திறந்தார்.

"அண்ணி சரியா பிடிச்சிட்டாங்க" என்றார் கொக்கி. "திருடன் எடுத்துட்டுப் போயிருந்தா டிஸ்க் இளைச்சிருக்கணும். மாப்பிள்ளை அழிச்சிருந்தாலும் இளைச்சிருக்கணும். காலையில இருந்த எடை இப்பவும் அப்படியே இருக்கு. அய்யா, உங்க சத்தம் எதுவும் வாசலைத் தாண்டல. இங்கதான் இருக்கு."

மாப்பிள்ளையின் இரண்டாவது கையும் அக்குளிலிருந்து வெளியே வந்தது.

"எங்க இருக்கு? அதைச் சொல்லுங்க!" என்றார் சத்தக்காரர்.

"அது" என்றார் கொக்கி கம்பீரமாக, "எனக்குத் தெரியல."

மணி மூன்று இருபது. கொக்கி திருகாணியை ஒரு தடவை வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் போட்டார். மகள் கூடத்துக்குப் போய் சின்ன சூட்கேஸின் மேல் உட்கார்ந்தாள். பதற்றம் தாங்காமல் அண்ணி அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். நடந்தவர் சாக்கட்டி வட்டத்துக்கு வந்தபோது காலடியில் மரத்தரையின் சத்தம் கேட்டது. ஆனால் சுத்தமான மரம் இல்லை. அடியில் யாரோ பல்லைக் கடித்தது போல இருந்தது.

"இது என்னய்யா, நறநறங்குது?"

"அந்த வேதனையை ஏன் கேக்கறீங்க" என்றார் சத்தக்காரர். "நேத்து புதுசா வந்த மரமேடை. நாலு பக்கமும் கீழ இறங்கற விளிம்பு வெச்சு செய்யச் சொன்னேன். வந்ததுலேர்ந்து நறநறங்குது. தச்சர் ஏமாத்திட்டார். இதுல இன்னொண்ணு, காலடிச் சத்தத்துக்கு வெச்சிருக்கற என் கூழாங்கல் தட்டையும் நேத்துலேர்ந்து காணோம். இவ்வளவு பெரிய தட்டு! அதையும் மாப்பிள்ளைதான் எங்கேயோ…"

"கூழாங்கல் தட்டு வழக்கமா எங்க இருக்கும்?" என்றார் அண்ணி.

"வட்டத்துலதான். எல்லாச் சத்தமும் ஒரே இடத்துல."

"மேடையை நேத்து எங்க வெச்சீங்க?"

"வட்டத்துலதான். நானே வெச்சேன்."

"வெக்கறதுக்கு முன்னாடி தட்டை எடுத்தீங்களா?"

சத்தக்காரர் வாயைத் திறந்தார். இருபத்தாறு வருடமாகச் சத்தம் சேர்த்தவரின் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

அண்ணி குனிந்து மேடையின் விளிம்பைப் பிடித்துத் தூக்கினார். அடியில், ஒரு கல்கூடச் சிதறாமல், கூழாங்கல் தட்டு சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

அண்ணி மேடையைத் தூக்கிப் பிடித்தபடியே தலையை மட்டும் திருப்பினார். "மாப்பிள்ளைத் தம்பி, அந்தப் புது டிஸ்க்கைக் கம்ப்யூட்டர்ல எங்க மாட்டினீங்க?"

"ஃபோல்டர்லதான்."

"எந்த ஃபோல்டர்ல?"

"'சத்தங்கள்'. மாமா ரெண்டாவது ஃபோல்டரே கூடாதுன்னு…" சொல்லிக்கொண்டிருந்த மாப்பிள்ளை நிறுத்தினார். முகம் வெளுத்தது, சிவந்தது, பிறகு சிரித்தது. "ஐயோ! பழைய ஃபோல்டர் மேலயே புது டிஸ்க்கை மாட்டியிருக்கேன்! ஃபோல்டரைத் திறந்தா புது டிஸ்க்தான் தெரியும். பழசு அடியில போயிடும். அழியாது, ஆனா கண்ணுக்குத் தெரியாது. இது தெரிஞ்ச விஷயம்தாங்க. மாமா கத்தினதுல மூளை ஓடல, கீபோர்டைத் தொடவும் விடல!"

"புது டிஸ்க்கைக் கழட்டினா?" என்றார் கொக்கி.

மாப்பிள்ளை பத்து விரலோடும் கீபோர்டில் விழுந்தார். மாமனார் தடுக்கவில்லை. ஒரே ஒரு கட்டளை. ஃபோல்டரைத் திறந்தார். இடி, ரயில், இலை, எச்சில் என்று பட்டியல் வழிந்துகொண்டே போனது. கீழே எண்ணிக்கை நின்றது: 11,342.

"ஆக, குற்றவாளி யாரு?" என்று கூடத்திலிருந்து ஓடிவந்த மகள் கேட்டாள்.

கொக்கி மெதுவாகத் திரும்பி, வளைந்த கழுத்தால் சுவரிலிருந்த பலகையைச் சுட்டிக்காட்டினார். எல்லோரும் அதைப் படித்தார்கள். எழுதியவர் மட்டும் படிக்கவில்லை; அவருக்கு மனப்பாடம்.

மருமகனிடம் மன்னிப்புக் கேட்ட மாமனார் உலகத்தில் இதுவரை பிறக்கவில்லை. சத்தக்காரர் தொண்டையைச் செருமினார், மேடையைத் தடவினார், தச்சரை மன்னித்தார். பிறகு எங்கோ பார்த்தபடி, "மாப்பிள்ளை, மத்தியானம் சாப்பிட்டீங்களா?" என்றார்.

"இல்ல மாமா."

"அம்மாடி, மாப்பிள்ளைக்கு முதல்ல சாப்பாடு போடு."

"தட்டெல்லாம் சூட்கேஸ்ல இருக்குப்பா" என்றாள் மகள்.

புது டிஸ்க்கை "இன்னொரு இடம்" என்ற பெயரில் தனியாக மாட்டுவதற்கு மாமனார் கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தார். அறுபது சத்தங்களை எடுத்து அடுக்கி முடிக்கவும், வாசலில் வண்டி வந்து நிற்கவும் சரியாக இருந்தது. மணி நாலு.

வந்தவர் நாடகத்தை இயக்கும் அம்மாள். ஒல்லியானவர், அவருடைய பொறுமை அவரைவிட ஒல்லி.

"அறுபது சரி. அறுபத்தொண்ணாவது எங்க? என் கதவு எங்க?"

சத்தக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். கதை இதுதான்: நாடகத்தில் ஓர் அப்பா, பிள்ளையை வீட்டை விட்டுத் துரத்திவிட்டுக் கதவைச் சாத்துகிறார். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் ஏழு கதவுகளும். ஒன்பது தடவை சாத்தி அனுப்பி, ஒன்பது தடவையும் திரும்பி வந்திருந்தது.

"பத்தாவது தடவையும் இல்லையா?" என்றார் அம்மாள். "இவ்வளவு நாளா கதவுதான் சாத்துது. அப்பா சாத்தலையே! கதவு இல்லேன்னா அறுபதும் எனக்கு வேண்டாம்."

மாப்பிள்ளையின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. மாமனாரின் பார்வை, தன்னை அறியாமல், மறுபடி சூட்கேஸ் பக்கம் போனது.

அப்போது கொக்கி சட்டைப் பைக்குள் கையை விட்டார். திருகாணியை எடுத்து எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தார்.

"அம்மா, கீல்லேர்ந்து திருகாணி தெறிக்கற அளவுக்குக் கோபம் போதுமா?"

"என்ன சொல்றீங்க?"

"காலையில பத்து இருபதுக்கு இந்த வீட்ல ஒரு அப்பா ஒரு பிள்ளையைத் துரத்திட்டு நிஜமாவே கதவைச் சாத்தியிருக்கார். மைக் எப்பவும் முழிச்சிருக்கும். மாப்பிள்ளை சார், புது டிஸ்க்ல ஒண்ணே ஒண்ணு இருக்குன்னீங்களே, அதைப் போடுங்க."

மாப்பிள்ளை போட்டார்.

முதலில் ஒரு கத்தல். வார்த்தை புரியவில்லை. பிறகு ஒரு மூச்சு இடைவெளி. பிறகு கதவு.

அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. எதிர்வீட்டுக்காரர் தெருவைத் தாண்டி ஓடிவந்து, "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்டார் என்பதை மட்டும் சொல்லலாம். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை எழுந்து, நேராகக் கூடத்துக்குப் போய், பெரிய சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"மாப்பிள்ளை!" சத்தக்காரர் பின்னாலேயே ஓடினார். "அது ரெக்கார்டிங்! கீழ வைங்க! ஐயையோ, கீழ வைங்க மாப்பிள்ளை!"

ஓடிய வேகத்தில் அவரே சூட்கேஸைப் பிடுங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒன்பது வருடத்தில் மாப்பிள்ளையின் சாமானை மாமனார் தூக்கியது அதுதான் முதல் தடவை.

"இதுதான்" என்றார் நாடகத்து அம்மாள் கைக்குட்டையை எடுத்து. "இதுதான் என் கதவு."

வண்டி போன பிறகு, சத்தக்காரர் எதிர்வீட்டிலிருந்து வந்த ஏணியில் ஏறிச் சுவரிலிருந்த பலகையைத் திருத்தினார். 'இடத்தில்' என்பதை அடித்துவிட்டு 'வீட்டில்' என்று எழுதினார். மாப்பிள்ளை ஏணியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையாலும்.

தெருவில் இறங்கியதும் கொக்கி கேட்டார், "அண்ணி, உண்மையைச் சொல்லுங்க. இன்னிக்குக் கண்டுபிடிச்சது யாரு? நானா, நீங்களா?"

"வீட்டுக்குப் போய் உங்க அண்ணன்கிட்ட நீங்கதான்னு சொல்றேன் தம்பி. அவர் எதைச் சொன்னாலும் நம்புவார்."

கொக்கி திருப்தியாகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

நடந்தது இவ்வளவுதான்; ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. விவரம் முழுமையாக இருக்க வேண்டும் என்பதற்காக இன்னும் ஒன்றே ஒன்று: கொக்கி அவருடைய அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை.